மொனாக்கோ: சூதாட்டக் காசில் ஓடும் நாடா, அதற்கும் மேலா?

செங்கழுநீர் (இழையைத் தொடங்கியவர்)

மொனாக்கோ பற்றித் தமிழில் எதைத் தேடினாலும் மூன்றே விஷயம்தான் வருகிறது: கார் பந்தயம், சூதாட்ட விடுதி, அந்நாட்டு இளவரசரை மணந்த ஹாலிவுட் நடிகை கிரேஸ் கெல்லி. இந்த மூன்றை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு நாடு 700 ஆண்டுக்கு மேல் நின்றிருக்க முடியாது. பரப்பு சுமார் 2 சதுர கிலோமீட்டர். மூன்று பக்கம் பிரான்ஸ், ஒரு பக்கம் மத்தியதரைக் கடல். 1297-இல் அந்தக் கோட்டைக்குள் நுழைந்த கிரிமால்டி என்ற குடும்பப் பெயரில்தான் இன்றும் ஆட்சி நடக்கிறது. பக்கத்தில் ஜெனோவா போயிற்று, சவாய் போயிற்று, சார்டீனிய அரசு போயிற்று. இது மட்டும் எப்படித் தப்பியது? வருமான வரி வாங்காமல் செலவுக்கு என்ன செய்கிறது? அங்கேயே பிறந்து வளர்ந்தவர்கள் எப்படி வாழ்கிறார்கள்?

தெரிந்தவர்கள் விரிவாக எழுதுங்கள். சண்டை போட்டாலும் சரி, தகவலோடு போடுங்கள்.

ஏட்டுச்சுவடி

வரலாற்றுப் பக்கத்தை நான் எடுத்துக்கொள்கிறேன்.

கோட்டையைக் கட்டத் தொடங்கியவர்கள் ஜெனோவாக்காரர்கள், 1215-இல். 1297 ஜனவரி 8 அன்று பிரான்சுவா கிரிமால்டி துறவி வேடத்தில் வந்து கதவைத் தட்டி, உள்ளே போனதும் அங்கிக்குள் மறைத்திருந்த வாளை உருவினார் என்பது அவர்கள் வழிவழியாகச் சொல்லும் கதை. நாட்டின் சின்னத்தில் இன்றும் இரண்டு பக்கமும் வாளேந்திய துறவிகள் நிற்கிறார்கள். அப்புறம் கோட்டை கைமாறியதும் திரும்ப வந்ததும் அந்தக் காலத்துச் சிற்றரசுகளுக்கெல்லாம் பொதுவான கதைதான். 1524 முதல் ஸ்பெயினின் பாதுகாப்பு, 1641 முதல் பிரான்சின் பாதுகாப்பு, நெப்போலியனுக்குப் பிறகு சார்டீனியாவின் பாதுகாப்பு. யார் கை ஓங்குகிறதோ அவர் நிழலில் ஒதுங்கிக்கொள்வார்கள். நடுவில் 1793-இல் புரட்சிப் பிரான்ஸ் மொத்தமாக விழுங்கியது; 1814-இல்தான் நாடு திரும்பக் கிடைத்தது.

எனக்கு முக்கியமாகப் படுவது 1848. அன்றைய மொனாக்கோ இப்போதிருப்பதைவிடப் பல மடங்கு பெரியது. மாந்தோன், ரோக்புரூன் என்ற இரண்டு ஊர்களும் அதில் இருந்தன. நாட்டின் வருமானமே அங்கிருந்த எலுமிச்சைத் தோப்பும் ஆலிவ் தோப்பும்தான். அரண்மனை இருக்கும் பாறையில் விளைச்சல் என்று எதுவும் கிடையாது. இளவரசர் ஐந்தாம் ஒனோரே காலத்தில் (அங்கே ஆள்பவருக்கே இளவரசர் என்றுதான் பட்டம்) ரொட்டிக்கு ஏகபோகம் கொண்டுவந்தார்கள். அரசின் குத்தகைதாரர் விற்கும் ரொட்டியைத்தான் வாங்க வேண்டும். விளைச்சல் மேல் வரிகள் வேறு. பொறுத்துப் பார்த்த மாந்தோன்காரர்கள் 1848-இல் பிரிந்து போனார்கள், ரோக்புரூனும் கூடவே போயிற்று. 1860 வாக்கெடுப்பில் இரண்டு ஊரும் பிரான்சின் பக்கம் சேர்ந்தன. 1861-இல் இளவரசர் மூன்றாம் சார்ல்ஸ் 40 லட்சம் பிராங்க் வாங்கிக்கொண்டு அந்த ஊர்களின் மேலிருந்த உரிமையை எழுதிக்கொடுத்தார். கூடவே அவருடைய இறையாண்மையைப் பிரான்ஸ் ஒப்புக்கொண்டது, பக்கத்து நகரமான நீஸிலிருந்து சாலை போட்டுத் தரவும் இசைந்தது.

தோப்பு போயிற்று, வரி கட்டிய குடிகளும் போயாயிற்று. கையில் மிஞ்சியது ஒரு பாறை, ஒரு துறைமுகம், சொந்தமாகச் சட்டம் போடும் அதிகாரம். அந்த அதிகாரத்தை வைத்துத்தான் பிழைத்தார்கள். பிரான்சில் சூதாட்ட விடுதிகள் 1837-ஆம் ஆண்டு முடிவோடு மூடப்பட்டிருந்தன. மொனாக்கோவில் 1856-இல் தொடங்கிய முதல் முயற்சிகள் படுத்துவிட்டன. வர வழியும் இல்லை, வந்தால் தங்க இடமும் இல்லை. 1863-இல் ஜெர்மனியின் ஹோம்புர்க் ஊரில் விடுதி நடத்திப் பேர் எடுத்திருந்த பிரான்சுவா பிளாங்க் வந்தார், 50 ஆண்டுக்கு உரிமம் எடுத்தார், ஓட்டல் கட்டினார். 1866-இல் விடுதி இருந்த குன்றுக்கு இளவரசர் சார்ல்ஸின் பெயரால் மான்டே கார்லோ என்று பெயர் வைத்தார்கள். 1868-இல் ரயில் வந்தது. அதற்கு அடுத்த ஆண்டே நேரடி வரிகளை எடுத்துவிட்டார்கள்.

வரி இல்லாத நாடு என்று இன்று பேசுவது அந்த 1869 முடிவைத்தான். மாந்தோன் கைவிட்டுப் போயிருக்காவிட்டால் இது எதுவும் நடந்திருக்காது என்பது என் கருத்து.

கனலி

ஏட்டுச்சுவடி ஐயா அழகாக எழுதிவிட்டார். ஆனால் இதற்கு ஒரு மறுபக்கம் இருக்கிறது, அதைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை.

சொந்தச் சட்டம் போடும் அதிகாரத்தை வைத்துப் பிழைத்தார்கள் என்றால் என்ன அர்த்தம்? பக்கத்து நாட்டில் தடை செய்ததை இங்கே நடத்துவது, பக்கத்து நாட்டில் கட்ட வேண்டிய வரியை இங்கே வந்து தவிர்ப்பது. அன்று ரூலெட், இன்று வங்கிக் கணக்கு. பணமோசடித் தடுப்பில் குறை இருக்கிறது என்று, அதைக் கண்காணிக்கும் சர்வதேச அமைப்பான நிதி நடவடிக்கைப் பணிக்குழு (FATF) 2024 ஜூனில் மொனாக்கோவைக் கண்காணிப்புப் பட்டியலில் சேர்த்தது. இத்தனை வசதியுள்ள நாடு, ஒழுங்காகக் கணக்குப் பார்க்க ஆள் வைக்க முடியாத நாடா? ஒரு பணக்காரர் அங்கே குடியேறும்போது எங்கோ ஒரு நாட்டின் பள்ளிக்கூடத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் போக வேண்டிய பணம் குறைகிறது. அந்த நாட்டில் இருப்பவர்களும் மனிதர்கள்தானே.

இன்னொன்றையும் எழுதிவைக்கிறேன். 1942 ஆகஸ்ட் 27 இரவு, மொனாக்கோவின் சொந்தக் காவல்துறையே யூதர்களைப் பிடித்து, ஜெர்மனியோடு ஒத்துழைத்த பிரான்சின் விஷி அரசிடம் ஒப்படைத்தது. அந்த ஓர் இரவில் மட்டும் குறைந்தது 66 பேர். இத்தாலியப் படை உள்ளே நுழைந்தது அந்த ஆண்டு நவம்பரில், ஜெர்மன் படை 1943-இல். ஆக, அந்த இரவில் அங்கே எந்த அந்நியப் படையும் நிற்கவில்லை. பாதுகாப்பான இடம் என்று நம்பி ஓடி வந்தவர்கள் அவர்கள். இளவரசர் இரண்டாம் ஆல்பர்ட் இதற்காக வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டது 2015-இல், 73 ஆண்டுகள் கழித்து. கிரேஸ் கெல்லி கல்யாணத்தை எழுதுகிறவர்கள் இதையும் ஒரு பத்தி எழுத வேண்டும்.

வரவுசெலவு

கனலி சொன்ன 1942 பற்றி எனக்கு மறுபேச்சே இல்லை. வரி விஷயத்தில் மட்டும் கொஞ்சம் நுணுக்கம் சேர்க்கிறேன். என் தொழிலே தணிக்கை.

சூதாட்ட வருமானம் இன்று அரசு வரவில் 5 சதவீதம்கூட இல்லை. பெரிய வரவு மதிப்புக் கூட்டு வரி. மொனாக்கோவும் பிரான்சும் சுங்க விஷயத்தில் ஒரே பகுதி. கடையில் பொருள் வாங்கினால் பிரான்சில் உள்ள அதே விகிதம்தான், பொதுவாக 20 சதவீதம். அந்த வசூலை இரண்டு அரசும் பங்கு பிரித்துக்கொள்கின்றன. அப்புறம் வீடு, மனை கைமாறும்போது வரும் கட்டணம். அப்புறம் நிறுவன வரி: விற்றுமுதலில் 25 சதவீதத்துக்கு மேல் நாட்டுக்கு வெளியிலிருந்து ஈட்டும் நிறுவனங்கள் லாபத்துக்கு வரி கட்டியே ஆக வேண்டும். தனிமனிதருக்குத்தான் வருமான வரி கிடையாது.

அதிலும் பிரெஞ்சுக் குடிமக்களுக்கு விலக்கு இல்லை. அந்தக் கதை சுவாரசியமானது, ஏட்டுச்சுவடி ஐயா எழுதினால் நன்றாக இருக்கும்.

ஏட்டுச்சுவடி

எழுதுகிறேன். 1962. அல்ஜீரியாவிலிருந்தும் பிரான்சுக்கு உள்ளிருந்தும் பணமும் நிறுவனங்களும் மொனாக்கோவுக்குப் போய்க்கொண்டிருந்தன. ஒரு வானொலி நிறுவனத்தின் பங்குகள் யார் கையில் இருப்பது என்பதில் இளவரசர் மூன்றாம் ரெய்னியேவுக்கும் பாரிசுக்கும் தகராறு முற்றியது. அந்த ஆண்டு ஜனவரியில் ரெய்னியே தன் அரசின் தலைமைப் பதவியில் இருந்த பிரெஞ்சு அதிகாரியை வெளியேற்றினார். பொறுப்பாரா பிரெஞ்சு அதிபர் தெ கோல்? அக்டோபர் 12 இரவு எல்லையில் பிரெஞ்சுச் சுங்கக் காவலர்களை நிறுத்திவிட்டார். மழை கொட்டிக்கொண்டிருந்தது என்கிறார்கள். நாடே சாலையின் அந்தப் பக்கம், இந்தப் பக்கம் என்று இருக்கும் இடத்தில் வண்டிகளை நிறுத்திச் சோதனை போட்டால் என்ன ஆகும்!

1963 மே மாதம் உடன்பாடு வந்தது. 1962 அக்டோபரில் ஐந்தாண்டு குடியிருப்பு முடித்திராத பிரெஞ்சுக்காரர்கள் மொனாக்கோவில் வாழ்ந்தாலும் பிரான்சுக்கு வருமான வரி கட்ட வேண்டும். நிறுவன வரியும் அந்த உடன்பாட்டில் வந்ததுதான். அந்த நெருக்கடிக்கு நடுவில், 1962 டிசம்பரில், புதிய அரசமைப்பு கொண்டுவந்தார்கள். மரண தண்டனை போயிற்று, தேசிய அவைத் தேர்தலில் பெண்களுக்கு வாக்கு வந்தது.

ஓனாசிஸ் கதையும் இதே காலம்தான். சூதாட்ட விடுதியை நடத்திய நிறுவனத்தில் பெரும்பங்கு அந்தக் கப்பல் முதலாளியிடம் இருந்தது. 1966-இல் ரெய்னியே ஒரு சட்டம் போட்டு 6 லட்சம் புதிய பங்குகளை உருவாக்கி அரசின் பெயரில் எழுதிக்கொண்டார். ஓனாசிஸ் அடுத்த ஆண்டு விற்றுவிட்டு வெளியேறினார். இன்றும் பெரும்பான்மைப் பங்கு அரசிடம்தான்.

நீஸ்வாசி

நான் நீஸில் இருக்கிறேன், வேலை மொனாக்கோவில், ஓர் ஓட்டலின் கணக்குப் பிரிவில். அப்பா புதுச்சேரியிலிருந்து பிரெஞ்சுக் குடியுரிமையோடு வந்தவர். புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு இணைந்தது 1962 ஆகஸ்டில். அதை ஒட்டிப் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்தெடுத்த குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. ஆக, ஐயா சொன்ன 1963 உடன்பாடு எங்களுக்கும் பொருந்தும். நாளைக்கே நான் மொனாக்கோவில் வீடு எடுத்துக் குடியேறினாலும் வரி பிரான்சுக்குத்தான்.

காலை ரயிலைப் பற்றிச் சொல்கிறேன். நீஸிலிருந்து 25 நிமிடத்துக்குள் போய்விடலாம், ஆனால் உட்கார இடம் கிடைப்பது அபூர்வம். எதிர்த்திசையில் இத்தாலியின் வென்டிமிலியாவிலிருந்து வரும் வண்டியும் அதேபோல்தான். நாட்டில் குடியிருப்பவர்கள் 38,000 சொச்சம். வேலைகளோ 50,000-க்கும் மேல். சமையல்காரர், செவிலியர், கொத்தனார், வங்கி ஊழியர், தோட்டக்காரர் எல்லோரும் காலையில் வந்து மாலையில் திரும்புகிறோம். 1999 முதல் ரயில் நிலையம் மலைக்குள் இருக்கிறது. இறங்கினால் பளிங்கு பதித்த நீண்ட நடைபாதை. அங்கிருந்து ஒரு வழி துறைமுகத்துக்கு, இன்னொரு வழி மேட்டுத் தெருவுக்கு. ஊரே செங்குத்தான மலைச்சரிவு என்பதால் பொது மின்தூக்கிகள் வைத்திருக்கிறார்கள், இலவசம். வயதானவர்கள் காய்கறிப் பையோடு தூக்கியில் ஏறி அடுத்த தெருவுக்குப் போவது அங்கே அன்றாடக் காட்சி.

எல்லை என்று எதுவும் தெரியாது. மேலே பொசோலேய் என்ற பிரெஞ்சு ஊர் ஒட்டிக்கொண்டே இருக்கிறது. ஒரு தெருவில் இந்த நடைபாதை மொனாக்கோ, எதிர் நடைபாதை பிரான்ஸ். தெருவுக்குப் பெயர்கூட இரண்டு. எதிர்ப்பக்கம் போனால் வீட்டு விலை சடாரென்று இறங்கிவிடும். என்னோடு வேலை பார்ப்பவர்களில் வசதிப்பட்டவர்கள் பொசோலேயில் இருக்கிறார்கள், முடியாதவர்கள் நீஸுக்கோ வென்டிமிலியாவுக்கோ போய்விடுகிறோம்.

சம்பளம் பற்றிப் பலர் கேட்பார்கள். குறைந்தபட்சக் கூலி பிரான்சைவிட 5 சதவீதம் கூட. வாரம் 39 மணி நேரம், பிரான்சில் 35. ஆனால் அங்கே முதலாளி காரணம் சொல்லாமலே வேலையை விட்டு அனுப்பச் சட்டத்தில் இடம் இருக்கிறது. என் கூட இருந்த ஒருவர் 11 வருடம் உழைத்துவிட்டு ஒரு கடிதத்தோடு வெளியே வந்தார். இழப்பீடு கொடுத்தார்கள், காரணம் மட்டும் கடைசிவரை சொல்லவில்லை.

செங்கழுநீர்

நீஸ்வாசி அக்கா, மிக்க நன்றி. இப்படி ஒருவர் வந்து எழுத மாட்டாரா என்றுதான் இழையைத் தொடங்கினேன். அந்த மண்ணின் மக்கள் பற்றியும் சொல்லுங்களேன். அவர்கள் எல்லாருமே பணக்காரர்களா?

நீஸ்வாசி

இல்லை தம்பி. மொனாக்கோ குடியுரிமை உள்ளவர்கள் மொத்தம் பத்தாயிரத்துக்குள். சொந்த நாட்டிலேயே நாலில் ஒரு பங்குதான். பள்ளி ஆசிரியர், நகராட்சி ஊழியர், கடைக்காரர் என்று நடுத்தர வாழ்க்கை வாழ்கிறவர்கள் நிறைய. சந்தை விலையில் அவர்களால் அங்கே ஒரு அறைகூட வாங்க முடியாது. அதனால் அரசே அடுக்குமாடி கட்டிக் குறைந்த வாடகைக்குக் கொடுக்கிறது. குடும்பத்தில் எத்தனை பேர், இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று பார்த்து ஒதுக்குவார்கள். வேலையிலும் சட்டப்படி அவர்களுக்கு முதலிடம். அப்புறம் அங்கே குடியிருப்பவர்கள், அப்புறம் ஒட்டியுள்ள பிரெஞ்சு ஊர்க்காரர்கள், கடைசியில்தான் எங்களைப் போன்றவர்கள். சூதாட்ட அறைக்குள் போய் விளையாட அவர்களுக்குத் தடை. அந்தத் தடை பழைய காலத்திலிருந்தே இருக்கிறது, எனக்கு அது நல்ல சட்டமாகவே படுகிறது.

குடியுரிமை இல்லாமல் பல தலைமுறையாக அங்கேயே பிறந்து வளர்ந்தவர்களும் இருக்கிறார்கள். மண்ணின் பிள்ளைகள் என்று அழைப்பார்கள். பழைய கட்டடங்களில் வாடகைக் கட்டுப்பாட்டின் கீழ் இருக்கிறார்கள். அந்தக் கட்டடங்கள் இடிபட இடிபட அவர்களுக்கு இடம் சுருங்குகிறது. எனக்குத் தெரிந்த ஒரு பாட்டி, வீட்டில் மொனெகாஸ்க் மொழி பேசுகிறவர். அது ஜெனோவாப் பக்கத்து லிகூரிய மொழிகளின் உறவு. 1976 முதல் பள்ளியில் கற்பிப்பதால் அவர் பேத்திக்கும் அது வருகிறது. அந்த வீட்டில் ஜனவரி 26 மாலை யாரும் தங்க மாட்டார்கள். காவல் புனிதர் தேவோதின் நினைவாக மாதா கோயில் முன்னால் ஒரு படகை எரிப்பார்கள், அதைப் பார்க்கப் போய்விடுவார்கள். அரச குடும்பமும் வந்து தீ வைக்கும். பணக்கார ஊர் என்பது மறந்துபோய், நம் கடலோரக் கிராமத்துத் திருவிழாவில் நிற்கிற உணர்வு வரும்.

கனலி

அக்கா சொன்னதை ஏற்கிறேன். ஆனால் அந்தப் பத்தாயிரம் பேருக்கு மட்டும்தானே தேசிய அவைக்கு வாக்கு? 24 உறுப்பினர்களைத் தேர்ந்தெடுக்கிறார்கள், அந்த அவை வரவுசெலவுக்கு ஒப்புதல் தரும்; ஆனால் அரசைப் பதவியிறக்க முடியாது. அரசு இளவரசருக்குப் பொறுப்பு. 1910-இல் மக்கள் தெருவில் இறங்கிய பிறகுதான் 1911-இல் முதல் அரசமைப்பே வந்தது. உழைக்கிற பெரும்பான்மை இரவில் வெளியே போய்விடுகிறது, குடியிருக்கிறவர்களில் பெரும்பான்மைக்கு வாக்கு இல்லை. இதை ஒரு நாடு என்பதில் எனக்கு இன்னும் தயக்கம்தான்.

கடைக்கால்

நான் துறைமுகக் கட்டுமானத்தில் இருப்பவன். இந்த விவாதத்தில் நிலம் என்ற விஷயம் வரவே இல்லையே என்று பார்த்தேன். 1861-இல் இழந்ததைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கடலிலிருந்து எடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

ரெய்னியே காலத்தில் ஃபோன்வியேய் என்று 22 ஹெக்டேர் கடலைத் தூர்த்தார்கள். சிறு தொழிற்சாலைகள், அரசுக் குடியிருப்பு, கால்பந்து மைதானம் எல்லாம் அதன் மேல்தான். அந்த மைதானத்தின் புல்தரைக்கு அடியில் கார் நிறுத்துமிடம் இருக்கிறது. இடத்தின் அருமை தெரிந்தவர்கள்.

எனக்குப் பிடித்தது 2002-இல் வந்த மிதக்கும் அலைத்தடுப்பு. அவர்களுடைய பழைய துறைமுகத்தின் வாய் கிழக்கே பார்த்தது. கிழக்குக் காற்றடித்தால் உள்ளே நிற்கும் படகுகள் பாடுபடும். வழக்கமாக நாம் என்ன செய்வோம்? கல்லைக் கொட்டி, மேலே கான்கிரீட் கட்டைகளை அடுக்கிச் சுவர் எழுப்புவோம். அங்கே கரையைத் தாண்டியதும் ஆழம் 50 மீட்டருக்கு மேல் போய்விடுகிறது. அத்தனை ஆழத்துக்குக் கல் கொட்டினால் அடிப்பாகம் எவ்வளவு அகலம் வேண்டும், எவ்வளவு கடற்படுகை மூடிப்போகும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். அலையின் வலு பெரும்பாலும் மேல்மட்டத்தில்தான். அதனால் 352 மீட்டர் நீளத்துக்கு ஒரு கான்கிரீட் பெட்டியை ஸ்பெயினின் அல்ஹெசிராஸில் கட்டி, கடல் வழியாகவே இழுத்து வந்தார்கள். எடை சுமார் 1,60,000 டன். கரைப் பக்க நுனியை ஓர் உருக்குப் பந்து மூட்டில் பூட்டினார்கள். நம் தோள்மூட்டு எந்தப் பக்கமும் அசையுமே, அந்த வேலைதான். மறு நுனியைச் சங்கிலிகளால் கடலடியில் கட்டியிருக்கிறார்கள். அலைக்கு ஏற்பச் சற்றே அசைந்து கொடுக்கும். வயிற்றுக்குள் கார் நிறுத்துமிடம், பக்கவாட்டில் பெரிய பயணிகள் கப்பல் வந்து நிற்கும். எங்கள் துறையில் அதைப் பற்றிப் பேசாதவர் இல்லை.

கடைசியாக மாரேத்தெரா, 6 ஹெக்டேர். 2024 டிசம்பரில் திறந்தார்கள். ஒவ்வொன்றும் சுமார் 10,000 டன் எடையுள்ள 18 கான்கிரீட் பெட்டிகளை வரிசையாக இறக்கி வெளிச்சுவர், உள்ளே மணல். தூர்ப்பதற்கு முன்னால் அந்த இடத்திலிருந்த பொசிடோனியா கடற்புல்லை வேரும் மண்ணுமாகப் பெயர்த்துப் பாதுகாக்கப்பட்ட கடற்பகுதியில் நட்டார்கள். மத்தியதரைக் கடல் மீனுக்கெல்லாம் அதுதான் நாற்றங்கால். பெயர்த்து நட்ட புல் நிலைத்து நிற்குமா என்பதைப் பல ஆண்டு பார்த்துத்தான் சொல்ல வேண்டும் என்பதே என் நிலைப்பாடு. தூர்த்தால் நீரோட்டம் மாறும், மணல் வேறு இடம் தேடும். எண்ணூரில் துறைமுகம் வந்த பிறகு கரை என்ன ஆயிற்று என்று பார்த்தவர்களுக்கு இது புரியும். வசதியுள்ள நாடு என்பதால் அந்தச் செலவைச் செய்கிறார்கள். செய்ததைப் பாராட்டுகிறேன், அதற்காகக் கடலைத் தூர்ப்பதை முழுமனதாக ஏற்க என்னால் முடியவில்லை.

வரவுசெலவு

கடைக்கால் சார், அந்த மாரேத்தெரா உலகத்திலேயே விலை உயர்ந்த குடியிருப்புகளில் ஒன்று. அதுவும் கனலி எழுப்பிய கேள்வியைச் சேர்ந்ததுதான். கடலிலிருந்து எடுத்த நிலத்தில் ஃபோன்வியேயில் உள்ளூர்க்காரருக்கு வீடு கிடைத்தது; புதிய நிலம் பெரும்பாலும் வெளியிலிருந்து வரும் பெரும்பணக்காரருக்குப் போகிறது. அந்த விற்பனையில் வரும் வரியில்தான் உள்ளூர்க்காரரின் மலிவு வாடகை நடக்கிறது. ஒன்றை நிறுத்தினால் மற்றது நிற்கும்.

பாய்மரம்

சதுரங்க ரசிகன் என்ற முறையில் ஒரு சின்னச் சேர்க்கை. நம் விஸ்வநாதன் ஆனந்த் பல ஆண்டுகள் மொனாக்கோவில் நடந்த ஆம்பர் போட்டியில் ஆடியிருக்கிறார், வென்றும் இருக்கிறார். ஒரு நாளில் ஓர் ஆட்டம் பலகையைப் பார்க்காமல், இன்னொன்று வேகமாக. எனக்கு அந்த ஊர் பெயர் அறிமுகமானதே அப்படித்தான்.

ஒரு கேள்வி: வாரிசு இல்லாவிட்டால் நாடு பிரான்சுக்குப் போய்விடும் என்று படித்தேன். உண்மையா?

ஏட்டுச்சுவடி

ஒரு காலத்தில் அப்படித்தான் இருந்தது. 1918 உடன்படிக்கைப்படி அரியணை காலியானால் மொனாக்கோ பிரான்சின் பாதுகாப்பின்கீழ் ஒரு தனிப்பகுதியாகிவிடும். அப்போதைய பட்டத்து இளவரசர் லூயிக்குச் சட்டப்படியான பிள்ளை இல்லை; ஜெர்மனியில் இருந்த உறவினர் கைக்கு நாடு போய்விடுமோ என்பது பிரான்சின் கவலை, நடப்பதோ உலகப் போர். அதனால்தான் திருமணத்துக்கு வெளியே பிறந்த மகள் சார்லோத்தை 1919-இல் தத்தெடுத்து வாரிசாக்கினார்கள். ரெய்னியே அவருடைய மகன்.

2002-இல் கையெழுத்தான புதிய உடன்படிக்கை 2005-இல் நடைமுறைக்கு வந்தது. இனி வாரிசு இல்லாமல் போனாலும் நாடு தனி நாடாகவே இருக்கும். அதே 2002-இல் அரசமைப்பையும் திருத்தி, நேர்வாரிசு இல்லாவிட்டால் உடன்பிறந்தாருக்கும் அவர்கள் பிள்ளைகளுக்கும் உரிமை கொடுத்தார்கள். ஆல்பர்ட்டுக்கு 2014 டிசம்பரில் இரட்டைக் குழந்தைகள் பிறந்ததால் அந்தக் கேள்வி இப்போதைக்கு இல்லை.

கனலி தம்பியின் தயக்கத்துக்கு என் பதில்: 1993-இல் ஐ.நா. உறுப்பினரானது, 2004-இல் ஐரோப்பிய அவையில் சேர்ந்தது. சேர்வதற்காகச் சட்டங்களை மாற்ற வேண்டியிருந்தது, மாற்றினார்கள். 1942 மன்னிப்புகூட அந்த வழியில் வந்ததுதான் என்று நினைக்கிறேன். நாடு என்று ஏற்றுக்கொண்டால்தான் அதனிடம் பொறுப்புக் கேட்க முடியும்.

செங்கழுநீர்

எல்லோருக்கும் நன்றி. அடுத்த ஆண்டு நீஸ் வரை வரும் வாய்ப்பு இருக்கிறது. ஒரு நாள் மொனாக்கோ போனால் கையைச் சுடாமல் எதைப் பார்ப்பது, எதைச் சாப்பிடுவது? அக்காதான் சொல்ல வேண்டும்.

நீஸ்வாசி

தாராளமாக வா தம்பி. காலை எட்டு மணி ரயிலை மட்டும் எடுக்காதே, வேலைக்குப் போகும் கூட்டம். பத்து மணிக்கு மேல் வா. இறங்கியதும் லா கோந்தமீன் சந்தைக்குப் போ. அங்கே பார்பாஜுவான் கிடைக்கும். கீரையும் பாலாடைக்கட்டியும் வைத்துப் பொரித்தது, நம் சோமாசி அளவு இருக்கும், சூடாகச் சாப்பிட வேண்டும். அங்கிருந்து படி ஏறினால் பாறை மேல் அரண்மனை. அப்படியே நடந்தால் கடலியல் அருங்காட்சியகம், முதலாம் ஆல்பர்ட் கட்டி 1910-இல் திறந்தது. அதற்குள் போகச் சீட்டுக் காசு கொஞ்சம் ஆகும், ஆனால் கட்டடமே பாறையிலிருந்து நேராகக் கடலில் இறங்குகிறாற்போல் நிற்பதால் அரை நாள் அதற்கே வைத்துக்கொள். கடலாய்வாளர் கஸ்தூ ஏறக்குறைய 30 ஆண்டுகள் இயக்குநராக இருந்த இடம்.

மே மாதக் கடைசி, ஜூன் தொடக்கம் வேண்டாம். பந்தயத்துக்காக வாரக்கணக்கில் தெருவெல்லாம் கம்பித் தடுப்பு போட்டிருப்பார்கள், நடக்கவே சுற்ற வேண்டும். பிப்ரவரி என்றால் மாந்தோனில் எலுமிச்சைத் திருவிழா நடக்கும், அதே ரயிலில் இன்னும் கொஞ்ச தூரம்தான். தேதி முடிவானதும் தனிச்செய்தி போடு, சனிக்கிழமையாக இருந்தால் நானும் வருகிறேன்.